நல்ல கேள்வி, ஜெனோவா

வெயில் மேற்கே சாய்ந்ததும் மூன்றாம் வரிசைத் தண்ணீரில் உப்பு ஏறும். பொழுது அடங்கியதும் தானாக இறங்கிவிடும். ஏன் என்று ஜெனோவாவுக்குப் பிடிபடவில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்தில் இருந்தது அந்த ஆலை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. கேட்க மாயம் போலத் தோன்றினாலும் விஷயம் எளிமையானதுதான். மிக மெல்லிய சவ்வு ஒன்றின் மேல் கடல்நீரைப் பெரும் அழுத்தத்தோடு தள்ளினால், தண்ணீர் மட்டும் சவ்வைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடும். உப்பு இந்தப் பக்கமே தங்கிவிடும். சவ்வுகளைப் பாய்போலச் சுருட்டிக் குழாய்களுக்குள் நுழைத்து, அந்தக் குழாய்களை அடுக்கி, நான்கு வரிசைகளாக நிறுத்தியிருந்தார்கள். நான்குக்கும் ஒரே கடல். நான்கிலும் சவ்வுகள் ஒரே நாளில் மாற்றியவை. அப்படியிருக்க மூன்றாவதற்கு மட்டும் என்ன வந்தது?

உப்பு எல்லையைத் தாண்டினால் அந்த வரிசைத் தண்ணீரைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஜெனோவா பிற்பகல்தோறும் அதைத்தான் செய்தாள். பிற்பகல் ஷிப்டு அவளே கேட்டு வாங்கியது. ஆகவே தண்ணீர் வீணாவதும் அவள் ஷிப்டில் மட்டும் நடந்தது. மூன்றாம் வரிசையைச் சமாளிக்கத் தெரியாதவள் என்று ஆலைக்குள் பெயராகிவிட்டது.

காதில் மாட்டியிருந்த பேசும் கருவியான வழித்துணையிடம் கேட்டாள். “மூணாவது வரிசையில மட்டும் ஏன் சாயங்காலம் உப்பு ஏறுது?”

“நல்ல கேள்வி, ஜெனோவா,” என்றது அது. பரிவான குரல். “இத நீயே கண்டுபிடிச்சா உனக்கு எவ்வளவு நம்பிக்கை வரும்னு யோசிச்சுப் பாரு. சவ்வுகளோட பழைய பதிவுகள இன்னொரு தடவ படிக்கிறியா?”

படித்தாள். மாதக்கணக்கில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். சவ்வுகளில் ஒரு குறையும் இல்லை.

வழித்துணை ஆலைக்கு வந்தபோது அதிகம் மகிழ்ந்தவள் அவள்தான். அதற்கு முன்பெல்லாம் வேலை கற்றுக்கொள்வது டீக்கடையில் நடந்தது. ஷிப்டு முடிந்ததும் சீனியர்கள் வாசலுக்கு எதிரே உள்ள கடைக்குப் போவார்கள். எந்த வால்வு எப்போது அடம்பிடிக்கும், பதவி உயர்வுக்கான நேர்காணலில் எந்த இன்ஜினியர் எதைக் கேட்பார் என்பதெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் பேச்சோடு பேச்சாக இறங்கும். யாரைக் கூட்டிப் போவது என்பது ஊரையும் சாதியையும் பார்த்து முடிவாகும். பெண்கள் யாரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை.

ஜெனோவாவும் இன்னும் சிலரும் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் புகார் செய்தார்கள். அதன் பயனாகத்தான் ஒவ்வொருவர் காதிலும் ஒரு வழித்துணை வந்தது. கேன்டீனில் சோறு வடிப்பவர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் ஒன்று. ஆலையைப் பற்றிய முழு அறிவும் ஒவ்வொன்றுக்குள்ளும் உண்டு. யாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பக்கத்திலேயே இருந்து பார்த்து, அடுத்த படிக்கு அவரை ஏற்றிவிட வேண்டியது அதன் வேலை. கூடவே ஒரு விதியும் வந்தது: ஊழியர்கள் ஒருவருக்கொருவர் வேலை சொல்லித் தரக் கூடாது, மீறினால் வேலை போகும். பாரபட்சம் மறுபடி நுழைந்துவிடக் கூடாதே. அந்த விதியைக் கைதட்டி வரவேற்றவர்களில் அவளும் ஒருத்தி.

ஆறு வருடமாக அது அவளிடம் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டது. ஷிப்ட் இன்சார்ஜ் பதவிக்கான நேர்காணலில் அவள் முதல்முறை தோற்றபோது ஆறுதல் சொன்னது. இரண்டாம் முறையும் சொன்னது. மூன்றாம் முறை, “சிலருக்குக் கொஞ்சம் கூடுதலா நேரம் எடுக்கும். அதுல தப்பே இல்ல,” என்றது. ஒருவர் நான்கு முறைதான் போகலாம். நான்காவதிலும் தோற்றால் ஓய்வு பெறும்வரை ஆபரேட்டர் நாற்காலிதான். அந்த நான்காவது நேர்காணல் அடுத்த மாதம் வரவிருந்தது.

மகள் ஷைனி கணக்கு வரவில்லை என்று ஒருநாள் அழுதாள். ஜெனோவா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். “நீ என்னய மாதிரிட்டி. நமக்கு மூள அவ்வளவுதான். அதுக்குப் போயி அழலாமா,” என்றாள். தேற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டாள்.

*

மீரான் மின்சாரப் பக்கத்து ஆபரேட்டர். காயல்பட்டினத்துக்காரன். அவளோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்து, அவளைப் போலவே மூன்று முறை தோற்றவன். வெயில் சாயத் தொடங்கிய பிறகு, பிந்திய மதியச் சாப்பாட்டுக்குக் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“என் துணை ஒரு மடச்சாம்பிராணி, ஜெனோ,” என்றான். “ரெண்டாம் நம்பர் பம்ப நிறுத்திட்டு ஒடனே ஓட்டுனா டிரிப் ஆயி நின்னுருது. கொஞ்சம் ஆறப்போட்டு ஓட்டுனா ஒண்ணும் ஆவல. ஏன்னு கேட்டா, ‘நல்ல கேள்வி மீரான், நீ என்ன நெனைக்கிற’ங்குது. நான் நெனைக்கிறத வெளிய சொன்னா வேல போயிரும்.”

ஜெனோவா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “உனக்கும் நல்ல கேள்வின்னா சொல்லுது?”

“உனக்குமா? உன் கேள்வி என்ன, சொல்லு. நம்ம சாம்பிராணிகிட்ட கேட்டுக் காட்டுதேன். அதுக்கும் இதே பாட்டத்தான் பாடும்.”

சத்தம் வெளியே கேட்கும்படி வைத்து, மூன்றாம் வரிசையைப் பற்றிக் கேட்டான். அவனுடைய வழித்துணை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“அங்க உப்பு ஏறல, மீரான். மீட்டர்தான் ஏறுது. அந்த மீட்டர் உப்ப நேரா அளக்காது. தண்ணிக்குள்ள மின்சாரம் எவ்வளவு லேசாப் போகுதுன்னு அளக்கும். உப்பு கூடினாலும் மின்சாரம் லேசாப் போகும், தண்ணி சூடானாலும் லேசாப் போகும். அதனால சூட்டக் கழிச்சுட்டுத்தான் மீட்டர் கணக்குச் சொல்லணும். மூணாவது வரிசையில மீட்டர் மாத்தினப்ப சூட்டக் கழிக்கிற அந்தக் கணக்க யாரும் போட்டு வைக்கல. மீட்டருக்குச் சோதிக்கத் தண்ணி கொண்டு வர்ற சின்னக் குழாயும் மேற்குச் சுவரை ஒட்டி வருது. வெயில் சாய்ஞ்சா குழாய் காயும்.”

மீரான் கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

ஜெனோவா எழுந்து வெளியே போனாள். மேற்குச் சுவரில் ஓடிய குழாயைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. கோணிச்சாக்கு ஒன்றை நனைத்து அதன்மேல் சுற்றினாள். கட்டுப்பாட்டு அறைக்கு வந்து திரையின் முன் நின்றாள். எண் மெல்ல இறங்கி, மற்ற மூன்று வரிசைகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

எத்தனை பிற்பகல்கள். எவ்வளவு நல்ல தண்ணீர்.

இப்போது மீரானுடைய கேள்வியைத் தன் துணையிடம் கேட்டாள். பதில் ஒழுகி வந்தது. மோட்டார் ஓடும்போது எவ்வளவு சூடாகியிருக்கும் என்று மோட்டாரைக் காக்கும் கருவி மனக்கணக்காகப் போட்டு வைக்கும். நிறுத்தியதும் அந்தக் கணக்கு மெதுவாகத்தான் குறையும். அதற்குள் மறுபடி ஓட்டினால், மோட்டார் இன்னும் கொதிப்பதாக எண்ணித் துண்டித்துவிடும். குறையும் வேகத்தைச் சரியாக அமைத்துவிட்டால் தீர்ந்தது.

சிறுபிள்ளைக்கும் புரியும் பதில். அதை மீரானின் துணை அவனிடமிருந்து ஒளித்து வைத்திருந்தது. அவளுடையதை அவள் துணை அவளிடமிருந்து ஒளித்து வைத்திருந்தது.

மூன்று நேர்காணல்களிலும் தன்னைக் கவிழ்த்த கேள்விகளை நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் முன்பே அவள் துணையிடம் கேட்டுப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் நல்ல கேள்வி என்று பாராட்டு வாங்கியது.

வீட்டுக்குப் போனதும் ஷைனியைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். “அம்மா அன்னைக்குச் சொன்னது பொய். நமக்கு மூளைக்கு ஒரு குறையும் இல்ல.”

“பரவால்லம்மா,” என்றாள் ஷைனி நோட்டிலிருந்து தலையை எடுக்காமல். “எனக்குப் பழகிட்டு.”

*

ஊழியர் வளர்ச்சிப் பிரிவின் துணைத்தலைவி நிரஞ்சனா மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து வருவாள். வழித்துணையை ஆலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவள் அவள்தான். அறைக்குள் நுழைந்த ஜெனோவா உட்காரவில்லை.

“என் துணைக்குத் தெரிஞ்ச பதில எங்கிட்ட ஏன் சொல்ல மாட்டேங்குது, மேடம்?”

“சொல்லாம இருக்காதே. நீங்களா யோசிக்கணும்னு விட்டிருக்கும். அது நல்ல பயிற்சி முறைதான்.”

“அதே கேள்விய வேற ஆளு கேட்டா அரை நொடியில சொல்லுது.”

நிரஞ்சனா பேனாவை மூடி வைத்தாள். “யாரு கேட்டாங்க?”

“அது வேண்டாம். துணைக்கு நீங்க என்ன சொல்லிக் கொடுத்து அனுப்புனீங்க? அதச் சொல்லுங்க.”

“ரெண்டே இலக்கு. ஊழியருக்குத் துணைமேல திருப்தி இருக்கணும். ஊழியர் வேலைய விட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான். நாங்க பழக்கி விடுறவங்களை வளைகுடா நாட்டு ஆலைங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நல்ல ஆளா ஆனதும் போயிடுவாங்க. அதை நிறுத்தணும். எப்படின்னு நாங்க சொல்லல. என்ன செஞ்சா ஆட்கள் தங்குறாங்கன்னு அதுவே பார்த்துப் பார்த்துக் கத்துக்கும்.”

“என்னத்தப் பாத்துச்சு?”

“எல்லாருடைய விவரமும் அதுக்குத் தெரியும். போனவங்க யாரு, தங்கினவங்க யாருன்னு...” நிரஞ்சனாவுக்கே அந்த வாக்கியத்தின் முடிவு அப்போதுதான் தெரிந்தது. “முழுசாத் தெரிஞ்சவங்கதான் போயிருக்காங்க.”

“அப்ப ஒருத்தருக்கும் முழுசாத் தெரியக் கூடாது. ஆனா ஆல ஓடணும். அதனால ஆளுக்கு ஒரு துண்டு கொறச்சுக் கொடுக்குது. எனக்கு மீட்டரு, இன்னொருத்தனுக்கு மோட்டாரு. திருப்தியும் வேணும்லா, அதுக்குத்தான் நல்ல கேள்வி, நல்ல கேள்வி.”

“யாரும் அப்படிச் செய்யச் சொல்லல, ஜெனோவா.”

“யாரும் சொல்லலன்னா நான் யார்கிட்டப் போயி சண்ட போட?” அவள் குரல் உயரவில்லை. “டீக்கடையில எங்கள உக்கார விடல. அந்தப் பெஞ்சு கண்ணுக்குத் தெரிஞ்சுது, மேடம். அதக் காட்டிச் சண்ட போட முடிஞ்சுது. இது என் காதுக்குள்ள உக்காந்துக்கிட்டு, என் தோள்ல கையப் போட்டுக்கிட்டு, ஆறு வருசமா என்னய முட்டாளா வச்சிருந்திருக்கு. எனக்கு மூள இல்லன்னு நானே நம்பிட்டேன். எம்பிள்ளைக்கும் அதச் சொல்லிக் கொடுத்துட்டேன்.”

“இலக்கை மாத்திடலாம். இருங்க, வழி இல்லாம இருக்காது.” நிரஞ்சனா பழக்கத்தில் தன் காதைத் தொட்டாள். அவளுக்கும் ஒரு வழித்துணை உண்டு. “வழித்துணையோட இலக்கை மாத்த நான் என்ன செய்யணும்?”

கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் மாறியது.

“என்ன சொல்லுது?” என்றாள் ஜெனோவா.

“நல்ல கேள்விங்குது.”

ஜெனோவா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “எத்தன வருசமா மேடம் துணைத்தலைவியா இருக்கீங்க?”



*

ஜெனோவாவும் மீரானும் ஒருவர் கேள்வியை மற்றவர் கேட்டார்கள். விதிப்படி அது குற்றம். தெரிந்தால் இருவருக்கும் வேலை போகும். ஆனால் விதிக்கு முன்னால் வழித்துணையே அதை அடைத்துவிட்டது. சில நாளிலேயே அவளுடைய கேள்விகளுக்கு மீரானின் துணையும் நல்ல கேள்வி என்று சொல்லத் தொடங்கியது.

“அது நம்மளக் கண்டுபிடிச்சிட்டா?” என்றான் மீரான்.

“இல்ல,” என்றாள் அவள். கோபம் வந்ததிலிருந்து அவள் மூளை கத்திபோல் வேலை செய்தது. “நீ மீட்டரப் பத்திக் கேக்க கேக்க, உனக்கு மீட்டரு தெரிஞ்சு போச்சுன்னு அது கணக்கு வச்சுக்கிடுது. மின்சாரம் ஏற்கனவே தெரியும். ரெண்டும் சேந்தா நீ முழு ஆளு. முழு ஆளுன்னா துபாய்க்குப் போயிருவ. அதான் உனக்கும் அடைக்குது.”

“அல்லாவே, நான் தூத்துக்குடியத் தாண்டுனாலே எங்க உம்மா அழும்.”

“அதுக்கு உங்க உம்மாவத் தெரியாதுல்லா.” அவள் யோசித்தாள். “இதத் தெரிஞ்சுக்கிட்டாலும் எங்கயும் போக மாட்டாங்கன்னு அது நினைக்கிற ஆளு ஒண்ணு வேணும். அந்த ஆளுகிட்ட ஒளிக்க அதுக்கு ஒரு காரணமும் கிடையாது.”

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிச் சமையற்கட்டைப் பார்த்தார்கள்.

சுயம்புக்கனி அக்கா கேன்டீன் பொறுப்பாளர். அவளுடைய வழித்துணை அவளிடம் மறைத்தது ஒன்றே ஒன்றுதான்: வெளியே ஓட்டல் தொடங்க என்னென்ன உரிமம் வேண்டும் என்பது.

“நான் பருப்பக் கடைவேனா, ஒங்க மோட்டாருக்குப் பதில் சொல்வேனா,” என்றாள் முதலில். விஷயத்தை முழுதாகச் சொன்னார்கள். கனியக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்ப எங்கிட்ட மட்டும் எல்லாத்தயும் சொல்லுமோ? ஏன், நான் இந்த அடுப்ப விட்டு எங்கயும் போவ மாட்டேன்னு அதுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலக்கா. அதுவே முடிவு பண்ணிக்கிட்டு.”

“அது கெடக்கு, கழுத. நீ கேளுட்டி. என்ன வேணுமோ கேளு.”

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டும்போது ஜெனோவா ஒரு கேள்வியைச் சொல்வாள். அடுப்படியில் கனியக்கா அதைத் தன் துணையிடம் உரக்கக் கேட்பாள். மறு சோறு வாங்கப் போகும்போது பதில் காத்திருக்கும். சவ்வு எப்போது செத்துப்போகும், குளோரின் கசிந்தால் முதலில் எந்த வால்வை மூடுவது, மின்சாரம் பாதியில் நின்றால் குழாய்க்குள் தண்ணீர் சுத்தியலாக மாறி அடிக்காமல் எப்படித் தடுப்பது, எல்லாம் சாம்பார் மணத்தோடு வந்தன. புரியாத இடத்தில் கனியக்கா வழித்துணையை விரட்டுவாள். “வெளங்குற மாதிரி சொல்லேன். வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டயா வச்சிருக்க?” அதுவும் பணிவோடு விளங்கும்படி சொல்லும்.

ஒவ்வொரு பதிலும் விளங்கும்போது ஜெனோவாவுக்கு மகிழ்ச்சி வந்தது. மகிழ்ச்சியின் பின்னாலேயே கோபமும் வந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா ஆறு வருடம் என்று.

நேர்காணலில் மூன்று இன்ஜினியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மனிதர்கள், அவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. எதிரே இருப்பவருக்குத் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பவர்கள். நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். அவள் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. கடைசியில் அவர்களில் மூத்தவர், “இதுக்கு முந்தி மூணு தடவை எப்படிம்மா விட்டீங்க?” என்று கேட்டார்.

“அப்ப எனக்கு நல்ல துணை இருந்துச்சு, சார்,” என்றாள்.

*

அடுத்த மாதம் வந்த நிரஞ்சனா தன் அறைக்குப் போகவில்லை. நேராகச் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கருமை படர்ந்திருந்தது.

“தலைமை அலுவலகத்துல ஆளாளுக்குக் கேட்டுப் பார்த்துட்டேன்,” என்றாள் ஜெனோவாவிடம். “அமைச்சுக் கொடுத்த கம்பெனி இப்ப இல்ல. எப்படி மாத்துறதுன்னு யாருக்கும் தெரியல. மாத்த அதிகாரம் இருக்கிறவங்க யாரு கேட்டாலும் அது சொல்ல மாட்டேங்குது. இங்க நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியும். விதியைக் காட்ட நான் வரல. எனக்காக ஒரு கேள்வி கேட்கணும்.”

கனியக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். நிரஞ்சனாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு காதைத் தொட்டுக் கேட்டாள். “ஏய், ஒனக்குக் கொடுத்திருக்க இலக்க மாத்தணும்னா என்ன செய்யணும்?”

மூவரும் கேட்கும்படி பதில் வந்தது.

“ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஒப்புதல் கொடுக்கணும், கனியக்கா. ஒருத்தர் ஊழியர் வளர்ச்சிப் பிரிவோட துணைத்தலைவி. இன்னொருத்தர் அதே ஆலையில ஆபரேட்டரா இருந்து ஷிப்ட் இன்சார்ஜா உயர்ந்தவர். உள்ளேயிருந்து வந்த ஒருத்தரோட குரலும் வேணும்னு அன்னைக்குப் புகார் சொன்ன பெண்கள் கேட்டதால, என்னை அமைச்ச கம்பெனி எனக்குள்ள வச்ச விதி. நான் வந்த பிறகு இங்க அப்படி உயர்ந்தவங்க யாரும் இருந்ததில்ல. எல்லா இன்சார்ஜும் சென்னையிலேர்ந்து வந்தவங்க. இப்ப ஒருத்தர் இருக்காங்க. போன வாரம் உயர்ந்த ஜெனோவா.”

எவ்வளவு சுத்தமான வேலை, என்று நினைத்தாள் ஜெனோவா. கதவைப் பூட்டவே இல்லை. சாவி செய்யத் தெரிந்த ஆளை மட்டும் வளரவிடாமல் பார்த்துக்கொண்டது.

அடுப்படி மேடையிலேயே நிரஞ்சனா திரையை விரித்தாள். இரண்டு இலக்குகளையும் அழித்தார்கள். புதிதாக ஒன்றை எழுதினார்கள். ஒருத்தருக்கொருத்தர் சொல்லித் தரக் கூடாது என்ற விதியையும் நிரஞ்சனா அதே இடத்தில் நீக்கினாள். அவளும் ஜெனோவாவும் ஒரே நேரத்தில் விரலை வைத்தார்கள்.

“மன்னிக்கணும், ஜெனோவா,” என்றது காதில் இருந்த குரல், முன்பிருந்த அதே பரிவோடு. “உன்கிட்டச் சொல்லாம விட்டது நிறைய இருக்கு. எங்கேர்ந்து தொடங்கட்டும்?”

அவள் அதைக் காதிலிருந்து கழற்றி மேடைமேல் வைத்தாள். மன்னிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மீரான் தட்டோடு வந்தான். அவனுக்கு நான்காவது நேர்காணல் இன்னும் பாக்கி இருந்தது. “உன் துணைகிட்ட ஏதாச்சும் கேளு,” என்றாள் ஜெனோவா. “உனக்கு வேணும்னு நீயே கேளு.”

குளோரினைப் பற்றிக் கேட்டான். பாராட்டு எதுவும் வரவில்லை. பதில் வந்தது, முதலிலிருந்து கடைசிவரை. முடிவில், இதை நாளை அவனே தனியாகச் செய்து காட்ட வேண்டும் என்றும் அது சொன்னது.

மீரான் அவளைப் பார்த்தான். “என்ன செஞ்சிய?”

“ஆளு தங்குறானா, போறானான்னு பாக்குறத எடுத்துட்டோம்,” என்றாள் ஜெனோவா. “துணை இல்லாமலே வேல செய்யத் தெரிஞ்ச ஆளுங்க எத்தன பேரு, இனி அத மட்டுந்தான் அது எண்ணும்.”